உங்க அக்காகிட்ட சொல்லு

அக்காவும் அத்தானும் ஒன்பது நாள் பேசாமல் இருந்தார்கள். அந்த ஒன்பது நாளும் வாய் வலித்தது எனக்குத்தான்.

எங்கள் வீட்டில் முன்னறைக்கும் சமையலறைக்கும் நடுவே பதினொரு அடி. கதவு கிடையாது, பூப்போட்ட திரை ஒன்று தொங்கும். இந்தப் பக்கம் பேசினால் அந்தப் பக்கம் ஒரு எழுத்து விடாமல் கேட்கும். ஆனாலும் நான் நடுவில் நின்று ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்ல வேண்டும்.

"உங்க அத்தான்கிட்ட சொல்லு, டீ ஆறிப்போகுது."

"உங்க அக்காகிட்ட சொல்லு, ஆறினாத்தான் எனக்குக் குடிக்க முடியும்."

"பதினாலு வருஷமா சூடாக் குடிச்ச வாய்க்கு இப்ப என்னவாம், கேளு."

"அதுக்குப் பதில் சொன்னா பேச்சாயிடும். நான் பேசலன்னு சொல்லு."

ஒரு தடவை அலுத்துப்போய் நான் சும்மா இருந்துவிட்டேன். "காது அடைச்சிருக்கா உனக்கு?" என்று இரண்டு பேரும் ஒரே குரலில் கேட்டார்கள். அத்தான் எனக்குத் 'தபால்' என்று பெயர் வைத்தது அந்த வாரத்தில்தான். இருபத்தாறு வயதில் எனக்கு வந்த பெயர். அதற்குப் பிறகு வீட்டில் அதுதான் என் பெயர்.

சண்டைக்குக் காரணம் ஒரு காகிதம். இஸ்திரி போட்ட சட்டைகளை அலமாரியில் அடுக்கும்போது அக்கா கையில் அது கிடைத்தது. வெளிநாட்டில் மூன்று வருடம் லாரி ஓட்டுவதற்கான ஒப்பந்தம். கீழே அத்தானின் கையெழுத்து. அக்காவிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் போட்ட கையெழுத்து.

அத்தான் கப்பல் கார் ஓட்டுபவர். பயணக் கப்பல்கள் எங்கள் துறைமுகத்துக்கு வருடத்தில் ஐந்து மாதம் வரும். காலையில் வந்து மாலையில் போய்விடும். அந்த எட்டு மணி நேரத்துக்குள் கோயில் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் கப்பல்காரர்களே ஏற்பாடு செய்யும் பஸ்ஸில் போவார்கள். கூட்டத்தோடு போகப் பிடிக்காதவர்கள் தனியாகக் கார் வைத்துக்கொள்வார்கள். அத்தான் பல வருடம் ஒரு டிராவல்ஸ் கம்பெனியில் இருந்தார். அந்த வருடம்தான் அதை விட்டுவிட்டு, பின்கதவைத் தூக்கி இழுத்தால் மட்டும் திறக்கும் பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கித் தனியாகத் தொழில் தொடங்கியிருந்தார். பழைய கம்பெனி டிரைவர்கள் துறைமுகக் கேட்டில் அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சீசன் பாதி முடிந்தும் அத்தானுக்குக் கிடைத்தது இரண்டே கப்பல்.

"உங்க அக்காகிட்ட சொல்லு, வர்ற கப்பல் நல்லபடியா முடிஞ்சா அந்தக் காகிதத்த அவளே கிழிச்சுப் போடட்டும். முடியலன்னா பதினஞ்சாம் தேதி கிளம்பறேன்."

திரைக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஓடியது.

பேச்சு நின்றதே தவிர வேலை நிற்கவில்லை. அத்தானின் தொழிலில் ஓட்டுவது மட்டுந்தான் அவருடையது, மற்றது எல்லாம் அக்காவுடையது. ஒவ்வொரு கோயிலுக்கும் அவள் பஸ்ஸில் தனியாகப் போய், ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு வருவாள். சாமி பெயரோ கட்டிய ராஜாவின் பெயரோ அதில் இருக்காது. 'பன்னிரண்டு மணிக்குத் தெற்குப் பக்கம் கல் சுடும், வடக்கால் சுற்றவும்.' 'படி எழுபத்திரண்டு, முப்பதாவது படியில் உட்கார நிழல் உண்டு.' 'கழிப்பறை வெளியே, சாவி பூக்காரியிடம்.' வெறுங்காலோடு நடந்து பழக்கமில்லாத கால்களுக்காக, தைத்து மிஞ்சிய கெட்டித் துணியில் காலுறைகள் தைத்து வைத்திருந்தாள். சிறிசு, நடு, பெரிசு என்று மூன்று அளவு. கார் பின்சீட்டில் ஒரு கூடையில் அவை இருக்கும். கழற்றின செருப்பும் ஷூவும் அதே கூடையில் திரும்பி வரும். இந்தக் காலுறைக்காகவே அத்தானைத் தேடி வந்தவர்கள் பின்னாளில் உண்டு.

என் பங்கு கடிதப் போக்குவரத்து. துறைமுகக் கேட்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் நான் வேலை பார்த்தேன். கடையில் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. கப்பலில் வருகிறவர்கள் எழுதும் மின்னஞ்சலுக்கு எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் பதில் போடுவேன். வரவேற்கும் அட்டையில் பெயர் எழுதுவதும் நான்தான்.

அந்தக் கப்பலில் வரவேண்டியவர் ஒரே ஒரு அம்மாள். 'நான் தனியாக வருகிறேன். மெதுவாக நடப்பேன். மூன்று கோயில் போதும்' என்று எழுதியிருந்தார்.

பத்தாவது நாள் காலை. புழுக்கம் தாங்கவில்லை, மழை வருவதுபோல் இருந்து வராமல் நின்ற காலை. அத்தான் விடியும் முன்பே காரைக் கழுவித் துடைத்துவிட்டார். அக்கா ரொட்டியும் வேகவைத்த முட்டையும் பொட்டலம் கட்டினாள். அதோடு நேரம் எழுதின சீட்டையும் சேர்த்து என் கையில் கொடுத்தாள்.

"உங்க அத்தான்கிட்ட சொல்லு, மலைக்கோயில் முதல்ல, வெயில் ஏறதுக்கு முன்னாடி. அப்புறம் தூண் கோயில். குளத்துக் கோயில் கடைசி, அங்கதான் காத்து வரும்."

"எனக்குத் தெரியும்னு சொல்லு."

"தெரிஞ்சவங்கதான் போன கப்பல்ல வெயில்ல கொண்டுபோய் நிறுத்தினாங்களாம்னு சொல்லு."

"ஏய் தபாலு, நீ கார்ல ஏறு. இல்லன்னா இன்னைக்குக் கப்பலே போயிடும்."

கேட்டில் நான் அட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பெரிய வைக்கோல் தொப்பியோடு ஒரு வயதான அம்மாள் அட்டையை நோக்கி மெதுவாக வந்தார். மெலிந்த கை. அதில் ஆண்கள் கட்டும் பெரிய கடிகாரம், வளையல்போல் மேலும் கீழும் சரிந்துகொண்டிருந்தது.

அத்தானுக்குத் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. கப்பல்கள் எல்லாம் எங்கள் ஊர் நேரத்தில் ஓடுவதில்லை. சில கப்பல்கள் கிளம்பின ஊரின் நேரத்தையே வைத்துக்கொள்ளும். பயணிகளிடம் கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். அதனால் அத்தான் வாயைக் கேட்க மாட்டார், கையைத்தான் பார்ப்பார். பயணி கார் அருகே வந்ததும் சிரித்துக்கொண்டே கடிகாரத்தைக் காட்டச் சொல்லி, கார் கடிகாரத்தை அதற்குச் சரியாகத் திருப்பிவைப்பார். அன்றைக்கு முழுதும் கார் ஓடுவது கப்பல் நேரத்தில்.

அந்த அம்மாள் கையை நீட்டினார். ஏழு பத்து. எங்கள் நேரம் எட்டு பத்து.

"ஒரு மணி நேரம் பின்னாடி. அந்தப் பக்கத்துக் கப்பல் அப்படித்தான்" என்றார் அத்தான். "நாலரைக்குள்ள வரணும்னு கப்பல்ல கொடுத்த சீட்டுல போட்டிருக்கு. அப்படின்னா நம்ம மணி அஞ்சரை. பரவால்ல, அவசரமில்லாமப் போகலாம். உங்க அக்காகிட்ட சொல்லு."

கார் கிளம்பியதும் வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். அக்கா விரலை மடக்கிக் கணக்குப் போட்டாள். "குளத்துக் கோயில்ல ஒரு மணி நேரம் கூட உட்காரலாம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். அன்றைக்கு அவள் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது.

மூன்று மணி இருக்கும். கடைக்கு ஒரு கப்பல் பயணி வந்தார், வரைபடம் ஒன்றை ஜெராக்ஸ் எடுக்க. கண்ணாடி மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். அந்தக் கையில் கடிகாரம். மூன்று மணி இரண்டு நிமிடம். நிமிர்ந்து கடைச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று மணி இரண்டு நிமிடம்.

"நீங்க இந்தக் கப்பல்தானே? உங்க வாட்ச் எங்க ஊர் நேரம் காட்டுதே?" என்று கேட்டேன்.

"நேத்து ராத்திரி ஒரு மணி நேரம் கூட்டி வைக்கச் சொன்னாங்க. எல்லாருக்கும் சீட்டுக் கொடுத்தாங்க" என்றார் அவர்.

மெஷினுக்குள் காகிதம் பாதியில் நின்றிருந்தது. முதலாளி "எங்கம்மா ஓடுற?" என்று கேட்டது தெருமுனையில்தான் என் காதில் விழுந்தது.

அக்கா மெஷினில் காலுறை தைத்துக்கொண்டிருந்தாள். சொல்லி முடிப்பதற்குள் எழுந்துவிட்டாள்.

"நாலரைன்னா நம்ம நாலரையா?"

"ஆமாக்கா."

"அஞ்சு மணிக்குக் கப்பல் போயிடுமே." சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவள் கண் சுவரில் இல்லை. நோட்டுப் பக்கங்களில் இருந்தது. "தூண் கோயில்லேர்ந்து ரெண்டரைக்குக் கிளம்பியிருப்பாரு. மூணேகாலுக்குக் குளம். அங்கதான் ஒரு மணி நேரம் உட்கார வைப்பாரு. நான்தானே சொன்னேன் காத்து வரும்னு, பாவி."

அன்றைக்கு எங்கள் யாரிடமும் கைப்பேசி கிடையாது. பக்கத்து வீட்டில் கூரியர் வேலை பார்க்கிற பார்சல் அண்ணன் சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தார். அக்கா அவருடைய வண்டிச் சாவியைத் தானே எடுத்து அவர் ஈரக் கையில் வைத்தாள்.

"அண்ணே, குளத்துக் கோயில். நாப்பது நிமிஷத்துல."

"தங்கச்சி, பின்னாடி ரெண்டு மூட்டை பார்சல் கட்டியிருக்கேன்."

"மூட்டை மேல உட்கார்ந்துக்கறேன். எடுங்க."

பதினாலு வருடத்தில் அவள் ஒரு நாளும் அடுத்தவர் வண்டியில் ஏறினதில்லை. போகிறபோது என்னைப் பார்த்துக் கத்தினாள்: "நீ கேட்டுக்குப் போடி! அந்த ரூல்ஸ் சார் கால்ல விழுந்தாவது நிறுத்தி வை!"

ரூல்ஸ் சார் என்பது கேட் அதிகாரி. ஒல்லியான ஆள். எதைக் கேட்டாலும் மேஜையில் இருக்கும் புத்தகத்தைத் திறந்து விரலை வைப்பார். கப்பல் கார் டிரைவர்களுக்கு அவர் தரும் ஒரு அட்டை உண்டு. அது இருந்தால்தான் கார் கேட்டுக்குள் போகலாம். ஒரு பயணியைத் தாமதமாகக் கொண்டுவந்தாலும் அட்டை போய்விடும். அட்டை போனால் கப்பல் கார் இல்லை. அப்புறம் பதினைந்தாம் தேதிதான்.

"சார், ஒரு அம்மா இன்னும் வரல. வந்துட்டே இருக்காங்க" என்றேன்.

"வந்துட்டே இருக்காங்கன்னா எங்க இருக்காங்க?"

"வழியில."

"எந்த வழியில?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் விரல் புத்தகத்தில் இருந்தது. "நாலரைக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் பதிவு பண்ணணும்மா. கப்பல நிறுத்த நான் யாரு?"

நாலு முப்பத்தைந்துக்குக் கப்பலிலிருந்து ஒரு பெண் இறங்கி வந்தாள். ரூல்ஸ் சார் பக்கத்தில் நின்ற கப்பல் கம்பெனி ஏஜென்டிடம் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் போனாள். உறைக்குள் ஒரு பாஸ்போர்ட்.

"அது என்ன சார்?"

"கப்பல் யாரை விட்டுட்டுப் போகுதோ அவங்க பாஸ்போர்ட்டைக் கரையில கொடுத்துடுவாங்க" என்றார் அவர். சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொண்டார்.

நாலு நாற்பத்திரண்டுக்கு வெள்ளைக் கார் வந்தது. அந்த ஹாரன் சத்தத்தை நான் தூக்கத்திலும் கண்டுபிடிப்பேன். முன்சீட்டில் தொப்பி அம்மாள். பின்சீட்டில் அக்கா. தலை கலைந்து, கன்னத்தில் தூசி கோடாக இறங்கி, பின்கதவைத் தூக்கி இழுத்து இறங்கினாள். வெறுங்கால்.

அத்தான் ஓடிவந்தார். ரூல்ஸ் சார் கையை நீட்டினார். அட்டைக்காக நீட்டின கை. அத்தான் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டார். அக்கா கார் மேல் சாய்ந்துகொண்டாள்.

ஏஜென்ட் அந்த அம்மாளை அவசரப்படுத்தினார். கப்பலில் ஏறும் ஏணி இன்னும் இருக்கிறது, ஓடுங்கள் என்று கையைக் காட்டினார். அந்த அம்மாள் நாலு அடி நடந்து நின்றுவிட்டார். திரும்பி வந்து என்னிடம் கேட்டார், "அந்த அட்டையை ஏன் வாங்கிக்கொண்டார்?"

சொன்னேன். தாமதமானால் டிரைவர் பொறுப்பு என்று. அவர் தன் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அத்தானைப் பார்த்தார்.

"இது என் கணவர் கடிகாரம்" என்றார். "எங்கள் வீட்டு நேரம். கடைசியாக இதில் மணி திருப்பிவைத்தவர் அவர். எட்டு மாதமாகிறது. நேற்று கதவுக்கடியில் சீட்டு வந்தது, படித்தேன். இதைத் தொட மனசு வரவில்லை. காலையில் இவர் கேட்டபோது யோசிக்காமல் கையை நீட்டிவிட்டேன். தவறு என்னுடையது என்று இவரிடம் சொல்."

நான் தமிழில் சொன்னேன். ஒன்பது நாள் பழகின வேலைதானே.

ரூல்ஸ் சார் புத்தகத்தைத் திறந்தார். பக்கத்தைப் புரட்டினார். விரலை வைத்தார். "பயணியோட தவறுன்னா டிரைவர் பொறுப்பில்ல. ஆனா அவங்க கைப்பட எழுதணும். பேர், காரணம், வந்த நேரம், கையெழுத்து. கப்பலுக்கும் ஒரு நகல் போகும், அவங்க பேர்ல குறிப்பு வைப்பாங்க. சம்மதமான்னு கேளு."

கேட்டேன். அந்த அம்மாள் பேனாவை வாங்கிக்கொண்டு குனிந்தார். பெயர் எழுதினார். காரணம் எழுதினார். நேரம் எழுதவேண்டிய கட்டத்தில் பேனா நின்றது. பழக்கத்தில் கையைத் திருப்பிக் கடிகாரத்தைப் பார்த்தார். மூன்று நாற்பத்தைந்து.

கப்பலில் எதுவோ ஒரு சங்கிலி இழுபடும் சத்தம் கேட்டது. அவர் பேனாவைக் கீழே வைத்தார். கடிகாரத்தின் பக்கத்திலிருந்த திருகை நகத்தால் வெளியே இழுத்தார். வராமல் ஒட்டிக்கொண்டிருந்தது, இரண்டாவது தடவைதான் வந்தது. மெதுவாக முள்ளை ஒரு முழுச் சுற்றுத் திருப்பினார். உள்ளே அழுத்தினார். பிறகு பேனாவை எடுத்து நாலு நாற்பத்தைந்து என்று எழுதினார்.

ரூல்ஸ் சார் அட்டையை அத்தானிடம் நீட்டினார். "போய்யா. அடுத்த கப்பல்லேர்ந்து கையைப் பார்த்து மணி வைக்காத. நான் இங்க கரும்பலகை வைக்கறேன்." வைக்கவும் செய்தார். கப்பல் வரும் நாளில் அதில் சாக்பீஸால் கப்பல் நேரம் எழுதும் வேலை என்னுடையதாயிற்று.

அந்த அம்மாள் அக்காவின் இரண்டு கைகளையும் சேர்த்துப் பிடித்தார். அப்புறம் ஏணியை நோக்கிப் போனார். தன் வழக்கம்போல் மெதுவாக. ஓடவில்லை. அவருக்காக ஏணி காத்திருந்தது. காலில் அக்கா தைத்த காலுறையோடே போய்விட்டார் என்பதைக் கப்பல் நகர்ந்த பிறகுதான் கவனித்தோம். ஷூ கூடையில் இருந்தது.

குளத்துக் கோயிலில் என்ன நடந்தது என்பதை அத்தான் பிறகு எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறார். "நான் படியில உட்கார்ந்திருக்கேன். அந்தம்மா தண்ணியப் பார்த்துட்டு அசையாம உட்கார்ந்திருக்காங்க. திடீர்னு பின்னாலேர்ந்து 'ஏங்க'ன்னு ஒரு குரல். பத்து நாளைக்கப்புறம் ஏங்க! நான் திரும்பி இவளைப் பார்த்துட்டே நிக்கறேன். என்ன சொல்றான்னே காதுல விழல. ரெண்டு நிமிஷம் அதுலயே போச்சு."

"ரெண்டு நிமிஷமில்ல, அஞ்சு நிமிஷம்" என்பாள் அக்கா. "மூஞ்சில ஈ உட்கார்ந்தாலும் தெரியாத மாதிரி நின்னாரு. தோளைப் புடிச்சு உலுக்கினேன்."

கோயில் வாசலில் கழற்றிப்போட்ட செருப்பை அக்கா எடுக்க மறந்துவிட்டாள். மறுநாள் அத்தான் போய்த் தேடி ஒற்றைச் செருப்போடு திரும்பினார். "ஒரு காலுக்கு வாங்கினா போதும், பாதிச் செலவு மிச்சம்" என்று அவர் சொன்னதற்கு அக்கா அந்த ஒற்றைச் செருப்பையே அவர் மேல் எறிந்தாள்.

ஆனால் அது மறுநாள். அன்று மாலை வீடு திரும்பியதும் அக்கா அடுப்பைப் பற்றவைத்தாள். நான் பழக்கத்தில் என் இடத்தில், பதினொரு அடிக்கு நடுவில் போய் நின்றேன்.

"உங்க அத்தான்கிட்ட சொல்லு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திக்கொண்டாள். திரையை விலக்கி எட்டிப் பார்த்தாள். அத்தானும் பார்த்தார். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு அங்கே வேலை இல்லை என்று தெரிந்தது. மொட்டைமாடிக்குப் போய்விட்டேன். காலையிலிருந்து நின்றுகொண்டிருந்த மழை அப்போதுதான் விழத் தொடங்கியது.

காகிதத்தை அவள் கிழிக்கவில்லை. அடுத்த கப்பலுக்கு அத்தானிடம் கொடுத்த நேரச் சீட்டின் பின்பக்கத்தில் ஏதோ அச்சடித்திருக்கிறதே என்று திருப்பிப் பார்த்தேன். ஒப்பந்தத்தின் முதல் பக்கம், நாலாக வெட்டியது. நாலு பக்கக் காகிதம், சீசன் முடியும்வரை வந்தது. கையெழுத்துப் போட்ட துண்டில் அவள் எழுதியிருந்தது எனக்கு நினைவிருக்கிறது: 'வழியில் தண்ணீர் குடிக்கவும். நீங்களும்.'

அதற்குப் பிறகு இருபத்துமூன்று வருடம். அத்தான் எங்கேயும் போகவில்லை. காருக்குப் பின்கதவு மாறியது, பிறகு காரே மாறியது. திரை மாறியது. பெரிய சண்டை ஒன்றும் வரவில்லை. சின்னது வந்தால் இரண்டு பேரும் நேருக்கு நேராகவே கத்திக்கொண்டார்கள்.

அக்கா போய் ஏழு மாதமாகிறது. காய்ச்சல் என்று படுத்தாள், பத்தொன்பது நாள். நோட்டுகள் பதினொன்று இருக்கின்றன. இப்போது நான்தான் டீ போடுகிறேன். அத்தான் ஓட்டுவதை நிறுத்திவிட்டார். கப்பல் சங்கு ஊதினால் மட்டும் எழுந்து ஜன்னல்வரை போய்வருவார். அதிகம் பேசுவதில்லை. கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான்.

நேற்று டீயை அவர் பக்கத்தில் வைத்துவிட்டுத் திரும்பினேன். வெகுநேரம் தொடவில்லை.

"அத்தான், டீ ஆறிப்போகுது."

அவர் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "ஏய் தபாலு" என்றார். அக்கா போனபின் அந்தப் பெயரால் என்னைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. "உங்க அக்காகிட்ட சொல்லு, ஆறினாத்தான் எனக்குக் குடிக்க முடியும்."

புத்தி பிசகிச் சொல்லவில்லை. அவர் கண் தெளிவாக இருந்தது. நான் போய் என் இடத்தில் நின்றேன். சமையலறைப் பக்கம் திரும்பிச் சொன்னேன். சத்தமாக, ஒரு எழுத்து விடாமல்.

"சொல்லிட்டேன் அத்தான்."

"என்ன சொல்றா?"

"பதினாலு வருஷமா சூடாக் குடிச்ச வாய்க்கு இப்ப என்னவாம்னு கேக்கறா."

டம்ளரை எடுத்தார். ஒரு வாய் குடித்தார். திரை காற்றில் உள்ளே போய் வெளியே வந்தது. அவர் என்னைப் பார்க்கவில்லை, அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பேசறேன்னு சொல்லு" என்றார்.